மூக்குக்கண்ணாடி எங்கே?



நம் ஊர் மருத்துவமனைகளில் செவிலியரைச் "சிஸ்டர்" என்று அழைப்பது நமக்கெல்லாம் பழகிப்போன ஒன்று. துறவற உடை அணிந்தவரையும் அப்படியே அழைக்கிறோம். சீருடை அணிந்த இல்லறத்துப் பெண்ணையும் அப்படியே அழைக்கிறோம். இங்கிலாந்தில் ஒரு வார்டின் முழுப் பொறுப்பையும் ஏற்று நடத்தும் செவிலியருக்கு "வார்டு சிஸ்டர்" என்பது நெடுங்காலமாக வழங்கிவரும் பெயர். நோயாளரைப் பேணும் பணி துறவியர் இல்லங்களில் வளர்ந்த காலத்தின் அடையாளம் அது. இன்று அப்பதவியை "வார்டு மேலாளர்" என்றே பெரும்பாலும் அழைக்கின்றனர். ஆண்களும் அப்பொறுப்பில் இருக்கின்றனர். பெயர் மாறினாலும் பணியின் பாரம் மாறவில்லை.

அத்தகைய தலைமைச் செவிலியர்களுள் ஒரு பிரிவினரைப் பற்றியே இம்மாதம் எழுத விழைகிறேன். முதுமையில் மனநோயுற்றவர்களைப் பேணும் வார்டுகளை நடத்துபவர்கள் அவர்கள். நம் குடும்பங்களிலிருந்து கடல் கடந்து சென்ற பெண்மக்கள் பலர் இத்தகைய வார்டுகளில் இரவும் பகலும் உழைக்கின்றனர். "எங்கே வேலை செய்கிறாய்?" என்று கேட்டால், "வயதானவர்கள் வார்டில்" என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார்கள். அந்தச் சுருக்கமான விடைக்குள் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்பதை நாம் அறிந்திருத்தல் நன்று. அதுமட்டுமன்று, இன்று அந்த வார்டில் நிகழ்வது நாளை நம் வீட்டுத் திண்ணையிலும் நிகழக்கூடும்.

பார்பரா ராப் கண்ட காட்சி

1965ஆம் ஆண்டு சனவரி மாதம். பார்பரா ராப் என்னும் பெண்மணி வடக்கு இலண்டனில் இருந்த ஃபிரைர்ன் மனநல மருத்துவமனைக்குச் சென்றார். அவர் இங்கிலாந்தின் பழமையான கத்தோலிக்கக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். உளநலச் சிகிச்சை அளிப்பவர். தமக்கு அறிமுகமான மூதாட்டி ஒருவரைப் பார்த்து வருவதே அவரது நோக்கம். அங்கே அவர் கண்டது அவரை உலுக்கிவிட்டது.

மூதாட்டிகள் எல்லாருக்கும் ஒரே விதமாகக் கத்தரிக்கப்பட்ட முடி. ஒரே விதமான உடை. அவர்களுடைய மூக்குக்கண்ணாடிகள் எடுக்கப்பட்டிருந்தன, பொய்ப்பற்கள் எடுக்கப்பட்டிருந்தன, காது கேட்கும் கருவிகளும் எடுக்கப்பட்டிருந்தன. காணவும் கேட்கவும் மெல்லவும் இயலாத நிலையில், செய்வதற்கு ஒன்றுமின்றி அவர்கள் அமர்ந்திருந்தனர். அப்படி அமர்ந்திருப்பவரைப் பார்ப்பவர், "முதுமையில் மூளை மழுங்கிவிட்டது" என்று முடிவு கட்டாமல் வேறென்ன செய்வார்?

பார்பரா ராப் வாளாவிருக்கவில்லை. அவ்வாண்டு நவம்பரில், அவரும் வேறு பலரும் கையொப்பமிட்ட கடிதம் ஒன்று "தி டைம்ஸ்" நாளேட்டில் வெளியாயிற்று. அதைக் கண்ட செவிலியர்களும் உறவினர்களும் தாங்கள் கண்டவற்றை அவருக்கு எழுதினர். அவற்றின் பயனாக 1967இல் ஒரு நூல் வெளிவந்தது. மறு ஆண்டில் அரசு நடத்திய விசாரணைகள் அக்குற்றச்சாட்டுகளில் பெரும்பாலானவற்றை ஆதாரமற்றவை என்று தள்ளிவிட்டன. ஆனால் 1969இல், கார்டிஃப் நகரில் இருந்த ஈலி மருத்துவமனையைப் பற்றி ஜெஃப்ரி ஹவ் தலைமையில் நடந்த விசாரணையின் அறிக்கை வெளியாயிற்று. ஈலி வேறு வகை நோயாளர்களுக்கான மருத்துவமனை. எனினும், இத்தகைய கொடுமைகள் நடக்கக்கூடியவையே என்பதை அவ்வறிக்கை நாட்டுக்கு உணர்த்தியது. மருத்துவமனைகளை நேரில் சென்று பார்வையிட்டு அறிவுரை கூறும் அரசு அமைப்பு ஒன்று அதன் பின்னரே தோன்றியது.

ஒன்றை இங்கே கவனிக்க வேண்டும். அந்த மூக்குக்கண்ணாடிகளை எடுத்தவர்கள் அரக்கர்கள் அல்லர். ஒருவருடையது மற்றொருவரிடம் மாறிப் போகாதிருக்கவும், உடையாதிருக்கவும், வேலை விரைவாக முடியவும் வேண்டும் என்று எண்ணிய சாதாரணப் பணியாளர்கள். ஐம்பது அறுபது பேரைக் குளிப்பாட்டி, உடுத்தி, உணவூட்ட வேண்டியவருக்கு, கண்ணாடி ஒரு தொல்லையாகத் தெரிந்தது. அதை ஒருநாள் எடுத்தபோது தடுக்க யாருமில்லை. மறுநாள் அது வழக்கமாயிற்று. ஓராண்டில் அது விதியாயிற்று. ஒரு வார்டின் சீர்கேடு எப்போதும் இவ்வாறே தொடங்குகிறது. அதைத் தொடக்கத்திலேயே கண்டு தடுப்பதற்காகத்தான் தலைமைச் செவிலியர் என்று ஒருவர் இருக்கிறார்.

கண்ணாடியும் அறிவியலும்

அன்புணர்வினால் மட்டும் பார்பரா ராப் கண்டதை அறிவியலும் பின்னர் உறுதி செய்தது. 1999இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மருத்துவமனையில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு வெளியாயிற்று. ஷாரன் இனூயி என்னும் மருத்துவரும் அவருடைய குழுவினரும், 70 வயதும் அதற்கு மேலும் ஆன 852 நோயாளர்களை ஆராய்ந்தனர். ஒரு பாதியினருக்கு வழக்கமான சிகிச்சை. மறு பாதியினருக்கு அத்துடன் சில எளிய கவனிப்புகள். நாளும் இடமும் நினைவூட்டிப் பேசுதல், இரவில் அமைதியாக உறங்க விடுதல், எழுந்து நடக்கச் செய்தல், கண்ணாடி அணிவித்தல், காது கேட்கச் செய்தல், போதிய நீர் அருந்தச் செய்தல் ஆகியவையே அவை.

வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 100க்கு 15 பேருக்கு மருத்துவமனையிலேயே திடீர் மனக்குழப்பம் ஏற்பட்டது. கவனிப்புப் பெற்றவர்களில் அது 100க்கு 10 பேருக்கும் சற்றுக் குறைவாகவே ஏற்பட்டது. குழப்பம் வந்த பின்னரோ, அதன் கடுமையை இக்கவனிப்புகள் குறைக்கவில்லை. ஆகவே வருமுன் காப்பதே வழி. விலையுயர்ந்த மருந்து எதுவும் இதில் இல்லை. கண்ணாடியும் தண்ணீரும் உறக்கமும் மனிதப் பேச்சும் செய்த வேலை இது.

எனவே, நல்ல தலைமைச் செவிலியர் ஒருவர் காலையில் வார்டைச் சுற்றி வரும்போது கேட்கும் முதற் கேள்விகள் மிகச் சாதாரணமானவை: "இவருடைய மூக்குக்கண்ணாடி எங்கே? துடைத்திருக்கிறதா? காது கருவியில் பாட்டரி இருக்கிறதா? பல் செட் பொருந்துகிறதா? நேற்று எத்தனை குவளை தண்ணீர் குடித்தார்? மலம் கழித்து எத்தனை நாளாயிற்று?" கேட்பவர் அற்பமானவற்றைக் கேட்பதாகப் புதிதாக வந்த செவிலியருக்குத் தோன்றலாம். ஆறு மாதம் பணிபுரிந்த பின் அப்படித் தோன்றாது.

காலை ஏழு மணி

இங்கிலாந்தில் இத்தகைய வார்டுகள் பெரும்பாலும் இரு வகைப்படும். மறதி நோயினால் நடத்தை மாறித் துன்புறுவோர்க்கு ஒன்று. கடும் மனச்சோர்வு, அச்சம், மனப்பிறழ்வு போன்றவற்றால் வருந்துவோர்க்கு மற்றொன்று. மனநலத் துறையில் தனிப்பயிற்சி பெற்றுப் பதிவு செய்துகொண்ட செவிலியர் சிலர், உதவிப் பணியாளர் பலர், மனநல மருத்துவர், உளவியலாளர், தொழில்வழிச் சிகிச்சையாளர், இயன்முறை மருத்துவர் எனப் பலர் சேர்ந்ததே ஒரு குழு. அவர்களை ஒரே நோக்கில் இணைத்து நடத்துவது தலைமைச் செவிலியரின் கடமை.

பல வார்டுகளில் ஒரு பணிமுறை ஏறத்தாழ 12 மணி நேரம் நீடிக்கும். இரவுப் பணியாளர் தம் பொறுப்பைப் பகல் பணியாளரிடம் ஒப்படைக்கும் அந்த அரைமணி நேரம் மிக முக்கியமானது. "மூன்றாம் அறையில் இருப்பவர் இரவெல்லாம் தொல்லை கொடுத்தார்" என்று ஒருவர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தலைவர் அதை அப்படியே விட்டுவிட்டால், பகல் பணிக்கு வந்த அனைவரும் அவரைத் "தொல்லை கொடுப்பவர்" என்ற கண்ணோடுதான் பார்ப்பார்கள். நல்ல தலைவர் இடைமறிப்பார்: "எத்தனை மணிக்கு எழுந்தார்? என்ன சொன்னார்? எதைத் தேடினார்? கழிவறைக்குப் போனாரா? அவரை அமைதிப்படுத்தியது எது?" தீர்ப்பாகச் சொல்லப்பட்டது இவ்வாறு செய்தியாக மாறுகிறது. செய்தி கிடைத்தால் சிகிச்சைக்கு வழி பிறக்கிறது.

அடுத்து வேலைப் பங்கீடு. யாரை யார் கவனிப்பது என்பது எண்ணிக்கைக் கணக்கு மட்டுமன்று. ஒருவரை எப்போதும் கண்பார்வையில் வைத்திருக்க வேண்டும். மற்றொருவரைக் கையெட்டும் தொலைவிலேயே வைத்திருக்க வேண்டும். தற்கொலை எண்ணம் உடையவரின் அருகில் அமர்ந்திருப்பது உடலுக்கு எளிய வேலை. மனத்திற்கோ மிகக் கடினமான வேலை. அவ்வேலையில் ஒருவரையே பல மணி நேரம் அமர்த்தினால் கண் விழித்திருக்கும், கவனம் உறங்கிவிடும். ஆகவே தலைவர் ஆளை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒருவர் விடுப்பில் போய், மாற்றாள் கிடைக்காத நாளில் இந்தக் கணக்கு எப்படி ஒத்துவரும் என்பது, அப்பொறுப்பில் இருந்தவர்க்கே தெரியும்.

ஒரு முகம், மூன்று நோய்கள்

முதியவர் ஒருவர் பேசாமல், உண்ணாமல், யாரையும் அடையாளம் காணாதவர்போல் படுத்திருக்கிறார். என்ன நோய்? மூன்றில் ஒன்றாக இருக்கலாம். ஒன்றுக்கு மேற்பட்டதாகவும் இருக்கலாம்.

மறதி நோய் மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் மெல்ல மெல்ல வருவது. திடீர் மனக்குழப்பம் சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ வருவது. காலையில் தெளிவாகவும் மாலையில் குழம்பியும் ஏறி இறங்குவது. அதன் பின்னால் பெரும்பாலும் உடல்நோய் ஒன்று மறைந்திருக்கும். நுரையீரல் தொற்று, சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல், நீர் வறட்சி, புதிதாகக் கொடுத்த மருந்து ஆகியவற்றுள் எதுவும் காரணமாகலாம். மூன்றாவது மனச்சோர்வு. முதுமையின் மனச்சோர்வு மறதி நோயைப்போலவே நடிக்கும். "எனக்கு ஒன்றும் நினைவில்லை" என்று முதியவர் சொல்வார். உண்மையில் நினைக்கும் விருப்பமே அவரை விட்டுப் போயிருக்கும்.

திடீர் மனக்குழப்பத்தின் காரணத்தைக் கண்டு நீக்கினால் பலர் தெளிவடைகின்றனர். மனச்சோர்வுக்கும் நல்ல சிகிச்சை உண்டு. உண்ணவும் மறுத்து உயிருக்கே ஆபத்தான நிலையை அடைந்தவர்கள்கூட மின்னதிர்வுச் சிகிச்சையால் மீண்டு எழுந்து, தம் வீட்டுச் சமையலறைக்குத் திரும்பியதுண்டு. ஆனால் "வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்" என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட்டால், மீளக்கூடியவரும் மீளார்.

இந்த வேறுபாட்டைக் கண்டறிவதில் செவிலியரின் பங்கு பெரிது. மருத்துவர் நோயாளரைக் காண்பது சில நிமிடங்கள்; செவிலியர் காண்பது இருபத்து நான்கு மணி நேரம். "நேற்று வரை தாமாகச் சட்டைப் பொத்தான் போட்டவர் இன்று போடவில்லை" என்று ஓர் உதவிப் பணியாளர் சொல்லும் ஒற்றை வாக்கியம், ஓர் உயிரைக் காக்கலாம். படிப்பிலும் ஊதியத்திலும் கடைசி வரிசையில் நிற்கும் அப்பணியாளர் அதை அச்சமின்றிச் சொல்லும் சூழல் வார்டில் இருக்கிறதா? அதை மருத்துவரின் காதில் விழும்படி செய்ய ஒருவர் இருக்கிறாரா? தலைமைக்கு இதைவிடச் சிறந்த உரைகல் இல்லை.

அடித்த கைக்குப் பின்னால்

மறதி நோயுற்றவர்களில் சிலர் கத்துவர், தள்ளுவர், குளிப்பாட்ட வருபவரை அடிப்பர். பல ஆண்டுகள் இதற்கு உடனடி விடையாக இருந்தது மனப்பிறழ்வு நோய்க்கான மாத்திரை. 2009இல் பேராசிரியர் சூப் பானர்ஜி இங்கிலாந்து அரசின் சுகாதாரத் துறைக்கு ஓர் அறிக்கை அளித்தார். அந்நாட்டில் மறதி நோயுற்றோரில் ஏறத்தாழ 1,80,000 பேர் ஓராண்டில் இம்மருந்துகளைப் பெறுகின்றனர் என்றும், அவர்களில் அதிகம் போனால் 36,000 பேரே ஓரளவு பயன் பெறக்கூடும் என்றும், இம்மருந்துகளால் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,800 கூடுதல் மரணங்கள் நேரக்கூடும் என்றும் அவர் மதிப்பிட்டார். நாடு திடுக்கிட்டது. தனக்கோ பிறர்க்கோ தீங்கு நேரும் நிலையிலும், தாங்கொணாத் துயரிலும் மட்டுமே இம்மருந்தைத் தர வேண்டும். தந்தாலும் ஆறு வாரத்திற்கு ஒரு முறையாவது மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்பது இன்றைய நெறிமுறை.

அப்படியானால் அடிக்கும் கையை என்ன செய்வது? அந்தக் கை ஏன் உயர்ந்தது என்று கேட்க வேண்டும். நார்வே நாட்டின் மேற்குப் பகுதியில் 18 முதியோர் பேணகங்களில் 352 பேரிடம் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 2011இல் வெளியாயிற்று. கிளர்ச்சியுற்ற மறதி நோயாளர்களில் ஒரு பகுதியினருக்கு, எட்டு வாரங்கள் முறைப்படி வலிக்கு மருந்து கொடுத்தனர். அவர்களில் பெரும்பாலோர் பெற்றது, நாம் காய்ச்சலுக்கு விழுங்கும் பாரசிட்டமால்தான். அவர்களுடைய கிளர்ச்சி 17 விழுக்காடு குறைந்தது. வலிக்கிறது என்று சொல்லத் தெரியாதவர் கையால் சொல்லியிருக்கிறார். கேட்டவர்க்குத்தான் அம்மொழி புரியவில்லை.

இதற்காகவே வாய்பேச இயலாதவரின் வலியை அளக்கும் அளவுகோல்களைச் செவிலியர் பயன்படுத்துகின்றனர். ஆஸ்திரேலியாவில் உருவான ஏபி அளவுகோல் அவற்றுள் ஒன்று. முனகல், முகச்சுளிப்பு, உடலசைவு, நடத்தை மாற்றம், நாடியும் வியர்வையும் போன்ற உடற்குறிகள், புண் அல்லது பழைய காயம் என ஆறையும் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் இடுவர். இதைத் தாளில் நிரப்புவது எளிது. அடிபட்டுக் கன்னம் சிவந்து நிற்கும் இளம் செவிலியரிடம், "முதலில் நீ அமர்ந்து தண்ணீர் குடி, பிறகு இருவரும் சென்று அவருடைய முழங்காலைப் பார்ப்போம்" என்று சொல்வதே கடினம். செவிலியரின் வலியையும் முதியவரின் வலியையும் ஒருசேரக் காண்பவரே தலைவர். ஒன்றை மட்டும் கண்டால் வார்டு சாய்ந்துவிடும்.

"அம்மா காத்துக்கொண்டிருப்பாள்"

மாலை நேரம். வெளிச்சம் மங்குகிறது. எண்பத்தைந்து வயது மூதாட்டி ஒருவர் கைப்பையை எடுத்துக்கொண்டு கதவருகில் நிற்கிறார். "நான் வீட்டுக்குப் போக வேண்டும். நேரமாகிவிட்டது. அம்மா காத்துக்கொண்டிருப்பாள்." தாய் இறந்து நாற்பது ஆண்டுகள் ஆயின. செவிலியர் என்ன சொல்ல வேண்டும்?

"உங்கள் அம்மா இறந்துவிட்டார்" என்பது உண்மை. ஆனால் அதைக் கேட்டதும் அம்மூதாட்டி அன்றுதான் தாயை இழந்தவர்போல் கதறுவார். சிறிது நேரத்தில் மறந்துவிட்டு மீண்டும் கதவருகே வருவார். மீண்டும் அச்செய்தி, மீண்டும் அந்த அழுகை. "அம்மா இதோ வந்துவிடுவார்" என்பதோ பொய். பொய் சொல்லலாகாது என்று குழந்தைப் பருவம் முதல் கற்ற நமக்கு இது எளிய வினாவன்று. இங்கிலாந்துச் செவிலியரிடையேயும் இது பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு.

எனினும் உண்மைக்கும் பொய்க்கும் இடையே வேறொரு வாயில் இருப்பதை அனுபவமுள்ளவர்கள் காட்டுகின்றனர். "அம்மாவை நினைத்துக்கொண்டீர்களா? அவர் எப்படிப்பட்டவர்? மாலையில் என்ன சமைத்துத் தருவார்?" என்று கேட்டு, கையைப் பற்றி அழைத்துச் சென்று அமர வைக்கலாம். இதில் பொய் ஏதுமில்லை. அம்மூதாட்டி தேடுவது நாற்பது ஆண்டுகளுக்கு முன் மறைந்த ஓர் உடலையன்று. தமக்காக ஒருவர் காத்திருக்கிறார் என்ற உறுதியையே தேடுகிறார். அந்த உறுதியை நாம் உண்மையாகவே கொடுக்க இயலும். பிராட்ஃபோர்டு நகரின் அறிஞர் டாம் கிட்வுட் 1997இல் வெளியிட்ட தம் நூலில், ஆறுதல், பற்று, உறவில் சேர்க்கப்படுதல், செய்வதற்கு ஒரு வேலை, தான் யார் என்ற அடையாளம் என்னும் ஐந்தையும் மறதி நோயுற்றவரின் தேவைகளாகக் காட்டி, அவற்றின் நடுவே அன்பை வைத்தார். கதவருகே நிற்கும் மூதாட்டி அந்த ஐந்தையும் ஒரே வாக்கியத்தில் கேட்டுவிடுகிறார்.

இங்கே தலைவரின் கடமை யாது? காலையில் ஒருவர் "இறந்துவிட்டார்" என்றும், மாலையில் ஒருவர் "வருகிறார்" என்றும், இரவில் ஒருவர் "சும்மா இருங்கள்" என்றும் சொன்னால், அம்மூதாட்டியின் உலகம் முற்றிலும் சிதறிவிடும். ஆகவே குழுவினரும் குடும்பத்தாரும் கூடிப் பேசி, ஒரே வழியை முடிவு செய்து, பராமரிப்புத் திட்டத்தில் எழுதி வைத்து, மூன்று வேளைப் பணியாளரும் அதையே பின்பற்றச் செய்ய வேண்டும்.

பூட்டிய கதவின் சாவி

இத்தகைய வார்டுகளின் வெளிக்கதவு பெரும்பாலும் பூட்டியே இருக்கும். வழி தவறிக் குளிரில் போய்விடுவோரைக் காக்க அது தேவைப்படலாம். ஆனால் சாவியைக் கையில் வைத்திருப்பது மனிதரை எளிதில் மாற்றிவிடும். ஆகவே அந்நாட்டின் சட்டம் அக்கையைக் கட்டியும் வைத்திருக்கிறது. 2005ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டம், ஒருவருக்கு முடிவெடுக்கும் திறன் உண்டு என்றே முதலில் கொள்ள வேண்டும் என்கிறது. நமக்கு அறிவற்றதாகத் தோன்றும் முடிவை எடுப்பதனாலேயே ஒருவர் திறனற்றவர் ஆகிவிடார் என்கிறது. அவருக்காகப் பிறர் முடிவெடுக்க நேர்ந்தாலும் அவருடைய உரிமையை மிகக் குறைவாகக் கட்டுப்படுத்தும் வழியையே தேட வேண்டும் என்கிறது.

தாமாக வந்து சேர்ந்த நோயாளர் ஒருவர் இரவில் வெளியேற முயல்கிறார். போனால் உயிருக்கு ஆபத்து. மருத்துவர் அருகில் இல்லை. அந்நிலையில் 1983ஆம் ஆண்டின் மனநலச் சட்டத்தின்படி, மனநலப் பதிவு பெற்ற செவிலியர் தம் கையொப்பத்தினால் அவரை 6 மணி நேரம் வரை தடுத்து நிறுத்தலாம். ஒரு மனிதரின் விடுதலையை ஒரு செவிலியரின் பேனா நிறுத்துகிறது. அவ்வாறு கையெழுத்திட்டவர், ஏன் இட்டார் என்பதற்கு விடை சொல்லக் கடமைப்பட்டவர். 2018ஆம் ஆண்டின் மற்றொரு சட்டமோ, மனநல வார்டுகளில் உடல் வலிமையைப் பயன்படுத்திய நிகழ்வுகளைப் பதிவு செய்யச் சொல்கிறது.

விழுவதைப் பற்றிய அச்சமும் இத்தகையதே. முதியவர் நடந்தால் விழக்கூடும், இடுப்பெலும்பு முறியக்கூடும். அதற்காக நாற்காலியிலேயே அமர்த்தி வைத்தால், சில வாரங்களில் கால்கள் வலுவிழந்து, நடக்கவே இயலாதவர் ஆகிவிடுவார். கட்டிலுக்குப் பக்கக் கம்பி போட்டால், அதன்மேல் ஏறி இன்னும் உயரத்திலிருந்து விழுவார். விழுந்தால் படிவம் நிரப்ப வேண்டும், உறவினர்க்கு விளக்கம் சொல்ல வேண்டும். விழாமல் வாடிப்போனாலோ கேட்பார் இல்லை. கேட்பார் இல்லாத தீங்கையும் கணக்கில் கொள்ளும் துணிவு தலைவருக்கு வேண்டும்.

செவிலியரை யார் பேணுவது?

1960ஆம் ஆண்டளவில் இசபெல் மென்சீஸ் என்னும் உளவியல் அறிஞர் இலண்டன் பொது மருத்துவமனை ஒன்றின் செவிலியரை ஆராய்ந்தார். நோயையும் மரணத்தையும் நாள்தோறும் மிக அருகில் காண்பதால் எழும் அச்சத்தைத் தாங்க இயலாமல், செவிலியரும் மருத்துவமனையும் தம்மை அறியாமலேயே சில அரண்களை எழுப்பிக்கொள்வதை அவர் கண்டார். நோயாளரைப் பெயரால் அழையாமல் கட்டில் எண்ணால் அழைத்தல், ஒருவரையே முழுமையாகப் பேணாமல் வேலையைத் துண்டு துண்டாக்கிக் கொள்ளுதல், உணர்வைக் காட்டாதிருத்தல் போன்றவை அவ்வரண்கள். நெஞ்சு கல்லாவதற்குக் கொடுமை மட்டுமே காரணமாவதில்லை. தாங்க முடியாத துயரைத் தனியே தாங்கச் சொல்வதும் காரணமாகிறது.

ஆகவே வார்டில் ஒருவர் இறந்த நாளிலும், அடிதடி நேர்ந்த நாளிலும், தலைவர் தம் குழுவினரைப் பத்து நிமிடமேனும் கூட்டி அமரச் செய்வது ஆடம்பரமன்று. மாதம் ஒரு முறையேனும் ஒவ்வொருவரோடும் தனித்து அமர்ந்து, "எது கடினமாக இருக்கிறது?" என்று கேட்பதும் அத்தகையதே. பொங்கி வரும் கண்ணீருக்கு அலுவலக அறையில் இடமில்லை என்றால், அது சினமாக மாறி நோயாளரின் அறையில் இறங்கும்.

அதே வேளையில் தலைவர் கண்டிக்கவும் அஞ்சலாகாது. தம் குழுவில் ஒருவர் முதியவரைக் குழந்தைபோல் கேலி செய்தார் என்றோ, உணவை அவசரமாக வாயில் திணித்தார் என்றோ தெரிந்தால், அன்றே அழைத்துப் பேச வேண்டும். "நல்ல பெண்தான், களைப்பாக இருந்திருப்பாள்" என்று விட்டுவிட்டால், அந்தக் கண்ணாடியின் கதை மீண்டும் தொடங்கிவிடும். மேலிடத்தில் ஆள் போதவில்லை என்று எடுத்துச் சொல்வதும், சொன்னதை எழுதி வைப்பதும் அவர் கடமையே. மிட் ஸ்டாஃபோர்ட்ஷயர் மருத்துவமனைக் கொடுமைகளைப் பற்றிய சர் ராபர்ட் பிரான்சிஸின் விசாரணை அறிக்கை 2013இல் வெளியான பின்னர், குறைகளை அச்சமின்றி எடுத்துச் சொல்ல வழிசெய்யும் பொறுப்பாளர்கள் அந்நாட்டு மருத்துவமனைகளில் நியமிக்கப்பட்டனர். வழி இருந்தும் வாய் திறக்கத் துணிவு வேண்டும் என்பதும் உண்மையே.

குடும்பத்தின் பங்கு

இறுதியாக ஒரு செய்தி. 2014இல் ஜான் ஜெரார்டு என்னும் மருத்துவர், மறதி நோயுற்ற நிலையில் காலில் புண்ணுக்காக இங்கிலாந்தின் மருத்துவமனை ஒன்றில் சேர்க்கப்பட்டார். தொற்று நோய் பரவியதால் குடும்பத்தார் வருவது கட்டுப்படுத்தப்பட்டது. ஐந்து வாரங்கள் கழித்து வீடு திரும்பியபோது, நடக்கவோ பேசவோ இயலாதவராய் இருந்தார்; அவ்வாண்டு நவம்பரிலேயே மறைந்தார். அவருடைய மகள் நிக்கி ஜெரார்டும் தோழி ஜூலியா ஜோன்சும் "ஜானின் இயக்கம்" என்ற ஒன்றைத் தொடங்கினர். மறதி நோயுற்றவருடன் அவரைப் பேணும் குடும்பத்தார் மருத்துவமனையில் உடனிருக்க உரிமை வேண்டும் என்பதே அவர்கள் கேட்டது. மருத்துவமனைகள் பல அதை ஏற்றன.

நம் நாட்டில் நோயாளருடன் துணைக்கு ஆள் இருப்பது இயல்பான வழக்கம். அதன் அருமையை நாம் உணர்வதில்லை. உடனிருப்பவர் கைக்கருவியைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருந்தால், இருந்தும் பயனில்லை. அங்குள்ள அல்சைமர் சங்கம் "இது நான்" என்ற பொருள்படும் சிறு படிவம் ஒன்றை வெளியிட்டுள்ளது. இவர் எப்பெயரால் அழைக்கப்படுவதை விரும்புவார், என்ன வேலை செய்தார், எதற்கு அஞ்சுவார், எது அவரை அமைதிப்படுத்தும் என்பவற்றைக் குடும்பத்தார் அதில் எழுதிக் கொடுப்பர். நாமும் ஒரு நோட்டுத் தாளில் அதை எழுதலாம். "அப்பா நாற்பது ஆண்டு தலைமையாசிரியர், 'தாத்தா' என்றால் பிடிக்காது, 'ஐயா' என்றால் திரும்பிப் பார்ப்பார், காப்பியில் சர்க்கரை வேண்டாம், இடியோசைக்கு அஞ்சுவார்." இந்த நான்கு வரிகள் ஒரு செவிலியருக்கு எவ்வளவு பெரிய உதவி என்பதை அயல்நாட்டில் பணிபுரியும் உங்கள் பெண்ணிடமே கேட்டுப் பாருங்கள்.

அப்படிக் கேட்கும்போது, "இன்று உன் வார்டு எப்படி இருந்தது?" என்றும் சற்றுக் கேளுங்கள். ஊதியத்தையும் விடுப்பையும் பற்றி மட்டுமே கேட்டுப் பழகிவிட்ட நாம், அவள் சுமந்து வரும் நாளைப் பற்றிக் கேட்பதில்லை. பிறர் துயரைக் கேட்டே நாளைக் கழிப்பவளுக்கும் கேட்பதற்கு ஒரு செவி வேண்டுமன்றோ?

இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் எழுந்து உள்ளே செல்லுங்கள். கட்டிலிலோ சாய்வு நாற்காலியிலோ பேசாமல் அமர்ந்திருக்கும் உங்கள் வீட்டு முதியவரைப் பாருங்கள். அவருடைய மூக்குக்கண்ணாடி எங்கே? மேசை இழுப்பறையிலா? எடுத்து, வேட்டி நுனியாலோ சேலைத் தலைப்பாலோ துடைத்து, அவர் முகத்தில் அணிவியுங்கள். பிறகு அவருக்கு எதிரே அமர்ந்து, உங்கள் முகத்தை அவர் காணும்படி பேசுங்கள்.